சுவரில் கறுப்புப் புள்ளியா? வெள்ளை அடித்து மறைக்காதீர்கள்!

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கடலோர ஊர்களில் உள்ள பழைய வீடுகளைப் பாருங்கள். சுவரில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் தோன்றியிருக்கும். பீரோவுக்குப் பின்னாலும் குளியல் அறை மூலையிலும் படர்ந்திருக்கும். அறைக்குள் போனால் மண் வாடை வீசும்.

அதுதான் பூசணம்.

பொங்கல் வந்ததும் வெள்ளை அடிக்கிறார்கள். சுவர் பளிச்சென்று ஆகிவிடுகிறது. அடுத்த மழையில் புள்ளிகள் மறுபடியும் வந்துவிடுகின்றன. புண்ணை மூடிப் பட்டுத்துணி கட்டினால் புண் ஆறிவிடுமா?

உயிர் போனது

"சுவர் கறைதானே!" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். வாடகை வீட்டில் பூசணம் பிடித்திருப்பதாக ஒரு தகப்பனார் 2017-ல் புகார் செய்தார். மேலே பெயிண்டு அடித்துக்கொள்ளும்படி பதில் வந்தது. அந்த வீட்டில் வளர்ந்த அவருடைய மகன் 2020 டிசம்பரில் மூச்சுக் கோளாறால் இறந்துபோனான். அவனுக்கு வயது 2. வீட்டிலிருந்த பூசணமே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022-ல் முடிவு கூறினார். 2023-ல் அங்கே இதற்காகச் சட்டமே வந்தது.

எல்லா வீட்டிலும் இப்படி நடந்துவிடாது. ஆனால் குழந்தைகளுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் பூசணம் ஆகாது.

உப்பா, பூசணமா?

சுவரில் வெள்ளையாகப் பொடி பூத்தால் அது உப்பு. தண்ணீரில் கரைந்துவிடும். பூசணம் கரையாது.

நீக்குவது எப்படி?

முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். மொட்டை மாடி வெடிப்பு, இலை அடைத்த மழைநீர்க் குழாய், சுவரில் முளைத்த அரசங்கன்று ஆகியவற்றைப் பாருங்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

பிறகு ஜன்னலைத் திறந்து வையுங்கள். முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். சோப்புத் தண்ணீரால் நனைத்துத் தேயுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். பூசணத் தூள் வீடெங்கும் பறக்கும். தேய்த்த இடம் நன்றாகக் காயட்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. விஷவாயு கிளம்பும். 3 அடி நீளம், 3 அடி அகலத்துக்கு மேல் பரவியிருந்தால் அனுபவம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

யார் பொறுப்பு?

ஒரு குடித்தனம் காலி செய்ததும் பூசணத்தின் மேல் வெள்ளை அடித்து, அடுத்த குடித்தனத்திடம் அட்வான்ஸ் வாங்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். இது நியாயம் அல்ல. குடியிருப்பவர் செய்த சேதம் தவிர, கட்டடப் பழுதைச் சரிசெய்வதும் குழாய் மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

குடியிருப்பவருக்கும் கடமை உண்டு. ஈரத் துணியை அறைக்குள் காயப்போடக் கூடாது. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. ஒழுகல் கண்ட அன்றே வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

முதலில் ஈரத்தை நிறுத்துங்கள். வெள்ளை அடிப்பது பிறகு!