ஆடத் தெரிந்தவருக்கு வழிநடத்தத் தெரியாதா? – ஸ்டீபன் கேஷியை முன்வைத்து

கால்பந்து பார்க்கும் தோழர்களுக்கு பெலேயைத் தெரியும், மரடோனாவைத் தெரியும். ஸ்டீபன் கேஷியைத் தெரிந்தவர்கள் குறைவு. நைஜீரிய அணியின் தலைவராக இருந்து, பிறகு அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர். 2016 ஜூனில், 54 வயதில் இறந்துபோனார். கோல் கணக்குச் சொல்வதற்காக அவரைப் பற்றி எழுதவில்லை. ஓடும் கால்களாக ஒருவரை ஏற்றுக்கொள்கிறவர்கள், முடிவெடுக்கும் தலையாக அவரை ஏற்க ஏன் தயங்குகிறார்கள்? இந்தக் கேள்வியை அவருடைய வாழ்க்கையை வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறோம்.

கேஷி ஒரு தடுப்பாட்டக்காரர். 1985இல் தேசிய அணியின் முகாமுக்கு உரிய நேரத்தில் வரவில்லை என்று நைஜீரியக் கால்பந்துச் சம்மேளனம் அவருக்குத் தடை விதித்தது. அவர் முடங்கிவிடவில்லை. ஐவரி கோஸ்ட் போய் ஆடினார். அங்கிருந்து பெல்ஜியம் போய் லோகரன், ஆண்டர்லெக்ட் அணிகளில் ஆடினார். ஆண்டர்லெக்டுடன் 1991இல் பெல்ஜிய லீக் பட்டம் வென்றார். அவர் போட்ட தடத்தில்தான் பின்னால் பல நைஜீரிய இளைஞர்கள் ஐரோப்பிய கிளப்புகளுக்குப் போனார்கள். சக வீரர்கள் அவரை 'பிக் பாஸ்' என்று அழைத்தார்கள். (தொலைக்காட்சி நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம்!) 1994இல் நைஜீரியா ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை வென்றபோதும், அதே ஆண்டு முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியபோதும் அணித் தலைவர் அவர்தான். பயிற்சியாளர் நெதர்லாந்தைச் சேர்ந்த கிளெமென்ஸ் வெஸ்டர்ஹாஃப்.

வீரராக இருந்தவரை அவருடைய தகுதியைப் பெரிதாக யாரும் கேள்வி கேட்கவில்லை. பயிற்சியாளர் ஆன பிறகுதான் கதை மாறுகிறது.

2002 உலகக் கோப்பைக்கு நைஜீரியாவைத் தகுதிபெற வைத்தவர்கள் ஷுவைபு அமோடுவும், அவருக்கு உதவியாளராக இருந்த கேஷியும். அந்த ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பையில் மூன்றாம் இடம்தான் கிடைத்தது என்பதற்காக, உலகக் கோப்பைக்குச் சில மாதங்களுக்கு முன் அந்தக் குழுவை நீக்கினார்கள். பிறகு கேஷி டோகோ போனார். உலகக் கோப்பையை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத சின்ன நாடு அது. 2002இல் காலிறுதிவரை போன செனகலைத் தகுதிச் சுற்றில் பின்தள்ளி, டோகோவை 2006 உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனார் கேஷி. போட்டி தொடங்கச் சில மாதங்களே இருந்தபோது அவரையும் நீக்கிவிட்டு, ஓட்டோ ஃபிஸ்டர் என்ற ஜெர்மானியரை அமர்த்தினார்கள். 2010இலும் இதுவே நடந்தது. நைஜீரியாவைத் தகுதிபெற வைத்தவர் மறுபடியும் அமோடு. உலகக் கோப்பைக்கு அணியைக் கூட்டிப் போனவர் ஸ்வீடனின் லார்ஸ் லாகர்பேக்.

தகுதிச் சுற்று என்பது இரண்டு ஆண்டு உழைப்பு. வெயிலிலும் மழையிலும், மோசமான மைதானங்களிலும், சம்பளம் வருமா வராதா என்ற கவலையிலும் நடக்கிற வேலை. அதைச் செய்யக் கறுப்பினப் பயிற்சியாளர் போதும். உலகமே பார்க்கிற மேடை வந்ததும், இந்த இரண்டு முறையும் ஐரோப்பிய முகம் தேவைப்பட்டது.

'அந்த ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் கோப்பையில் சரியாக ஆடவில்லை, அதனால் நீக்கினார்கள், இதில் நிறம் எங்கே வந்தது?' என்று சிலர் கேட்கக்கூடும். 2006 ஆப்பிரிக்கக் கோப்பையில் கேஷியின் டோகோ மூன்று ஆட்டங்களிலும் தோற்றது உண்மை. நட்சத்திர வீரர் அடேபயோருடன் அவருக்கு மோதல் இருந்ததும் உண்மை. ஆனால் மாற்றாக வந்தவர்கள் என்ன சாதித்தார்கள்? ஃபிஸ்டரின் டோகோ உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது, 0 புள்ளி. லாகர்பேக்கின் நைஜீரியா எடுத்தது 1 புள்ளி. 2014இல் கேஷியின் நைஜீரியா எடுத்தது 4 புள்ளி. 'தகுதி', 'திறமை' என்ற சொற்களை யார், எப்போது, யாருக்கு எதிராகக் கையில் எடுக்கிறார்கள் என்று கவனித்துப் பழகியவர்கள் நாம். இந்தக் கணக்கும் நம் கண்ணில் படத்தான் வேண்டும்.

2011 இறுதியில் கேஷி நைஜீரியாவின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2013 ஆப்பிரிக்கக் கோப்பைக்கு ஓடெம்விங்கி போன்ற பெயர்பெற்ற வீரர்களை விட்டுவிட்டு, உள்நாட்டு லீக்கில் ஆடிக்கொண்டிருந்த வீரர்கள் பலரை அழைத்துப் போனார். கேலி செய்தார்கள். பிப்ரவரி 10 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் நைஜீரியா 1-0 என்று புர்கினா ஃபாசோவை வென்றது. கோல் அடித்தவர் சண்டே எம்பா. உள்நாட்டு லீக்கிலிருந்து வந்தவர். காலிறுதியில் ஐவரி கோஸ்ட்டுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தவரும் அவர்தான். வீரராகவும் பயிற்சியாளராகவும் அந்தக் கோப்பையை வென்றவர் கேஷிக்கு முன் ஒருவரே, எகிப்தின் மஹ்மூத் எல் கோஹரி.

வென்ற மறுநாள் கேஷி என்ன செய்தார் தெரியுமா? பதவி விலகுவதாக வானொலியில் அறிவித்தார். காலிறுதிக்கு முன்பே தன்னை வெளியேற்றச் சம்மேளனம் தயாராக இருந்தது என்ற கசப்பு அவருக்கு. விளையாட்டு அமைச்சர் தலையிட்ட பிறகே முடிவை மாற்றிக்கொண்டார். அந்த ஆண்டு ஆப்பிரிக்காவின் சிறந்த பயிற்சியாளர் விருதும் அவருக்கு வந்தது. அதே ஆண்டில் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை.

அந்தப் போட்டியின்போதே அவர் வெளிப்படையாகப் பேசினார். வெள்ளைப் பயிற்சியாளர்கள் பலர் ஆப்பிரிக்காவுக்குப் பணத்துக்காகத்தான் வருகிறார்கள் என்றார். அவர்களுக்குக் கொடுக்கிற அவகாசத்தை ஆப்பிரிக்கப் பயிற்சியாளர்களுக்குக் கொடுப்பதில்லை என்றார். பேசியது பலருக்குப் பிடிக்கவில்லை.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கேஷியை நீக்கியவர்கள் யார்? பெர்லினிலோ லண்டனிலோ இருந்தவர்கள் அல்லர். டோகோ சம்மேளனமும் நைஜீரியச் சம்மேளனமும்தான். முடிவெடுத்தவர்கள் கறுப்பின அதிகாரிகள். ஆண்டவன் போய்விட்ட பிறகும், அவன் விட்டுப்போன அளவுகோல் ஆளப்பட்டவன் கையில் அப்படியே இருக்கிறது. பிரதிநிதித்துவம் என்று நாம் கேட்கும்போது, நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. எந்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

2014 உலகக் கோப்பையில் நைஜீரியா நாக்அவுட் சுற்றை எட்டியது. ஆப்பிரிக்கப் பயிற்சியாளர் ஒருவர் ஓர் அணியை அங்கே கொண்டுபோனது அதுவே முதல் முறை. பிரான்ஸுடனான அந்த ஆட்டத்துக்கு முன் ஊக்கத்தொகைத் தகராறில் வீரர்கள் ஒருநாள் பயிற்சியையே புறக்கணித்தார்கள். 0-2 என்று தோற்றார்கள். அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கு நடப்புச் சாம்பியனான நைஜீரியா தகுதிகூடப் பெறவில்லை. அந்தத் தோல்வியில் கேஷிக்குப் பொறுப்பு இருக்கிறது, மறுக்க மாட்டோம். நீக்கினார்கள், திரும்ப அழைத்தார்கள், 2015 ஜூலையில் மறுபடியும் நீக்கினார்கள். அந்த டிசம்பரில் அவருடைய மனைவி புற்றுநோயால் இறந்தார். ஆறு மாதத்தில் அவரும் போனார். அவர் இறந்த சில நாள்களிலேயே அமோடுவும் இறந்தார். இன்று நைஜீரியாவின் அசாபா நகர மைதானத்துக்கு கேஷியின் பெயர் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது சம்பளம் பாக்கி, செத்த பிறகு மைதானத்துக்குப் பெயர்.

ஆனால் வேறு மாதிரியும் நடக்கலாம் என்று செனகல் காட்டியது. 2002 உலகக் கோப்பையில் செனகல் அணித் தலைவராக இருந்த அலியு சிஸேயை 2015இல் பயிற்சியாளராக அமர்த்தினார்கள். 2018 உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறினார். நீக்கவில்லை. 2019 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் அல்ஜீரியாவிடம் தோற்றார். அப்போதும் நீக்கவில்லை. 2022 பிப்ரவரியில் செனகல் தன் முதல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. அந்த ஆண்டு கத்தார் உலகக் கோப்பைக்கு வந்த ஐந்து ஆப்பிரிக்க அணிகளுக்கும் ஆப்பிரிக்கப் பயிற்சியாளர்களே இருந்தார்கள். அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அவர்களில் வாலித் ரெக்ராகி மொராக்கோவை அரையிறுதிவரை கொண்டுபோனார்.

சிஸேக்குக் கிடைத்து கேஷிக்குக் கிடைக்காமல் போனது தோற்பதற்கான உரிமை. ஒரு வெள்ளைப் பயிற்சியாளர் தோற்றால் அது அவருடைய தோல்வி மட்டும்தான், அடுத்த விமானத்தில் இன்னொரு வெள்ளைப் பயிற்சியாளர் வருவார். கறுப்பினத்தவர் தோற்றால் 'இவர்களுக்கு இது வராது' என்று ஓர் இனத்தின் மீதே தீர்ப்பு எழுதப்படுகிறது. ஆகவே முதல் வாய்ப்பு கிடைத்தால் போதும் என்று நாம் திருப்திப்படக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம், நாள் தவறாத சம்பளம், தோற்ற பிறகும் திருத்திக்கொள்ள அவகாசம், இவையும் சேர்ந்தால்தான் அது வாய்ப்பு.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. அடுத்த முறை கால்பந்து பார்க்கும்போது மைதானத்துக்குள் ஓடுகிற பதினொரு பேரை மட்டும் பார்க்காதீர்கள். கோட்டுக்கு வெளியே நின்று கட்டளையிடுகிறவர் யார், அவரை அங்கே வைத்தவர்கள் யார், எத்தனை தோல்விவரை அவரை விட்டுவைப்பார்கள் என்றும் பாருங்கள். நீங்கள் வேலை செய்கிற அமைப்பிலும் இதே கேள்வியைக் கேளுங்கள்.