சுருக்கமும் இழப்பும்

சுருக்கிச் சொல்வது வேறு. குறைத்துச் சொல்வது வேறு. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர்கள் சூத்திரத்தைச் சான்றாகக் காட்டுவர். சூத்திரம் அளவிற் சிறிது; ஆயினும் உரைகாரன் அதிலிருந்து பொருள் முழுவதையும் விரித்தெடுக்கிறான். நூலொன்றிற் பாதியைக் கிழித்தெறிந்துவிட்டு, 'சுருக்கிவிட்டேன்' என்று ஒருவன் கூறினால் நாம் ஒப்புவோமா? ஒப்போம். ஆனால், இசையைச் சேமிக்கும் விடயத்தில் நம்மிற் பலர் அதனை ஒப்பியிருக்கிறோம். நானும் அவர்களுள் ஒருவன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் நாதசுரமும் தவிலும் நிறைந்த இறுவட்டுக்கள் 150 வரை இருந்தன. அவற்றைக் கணினியில் எம்.பி.3 வடிவிற் பதிந்துகொண்டு, இடத்தை அடைக்கின்றனவே என்று இறுவட்டுக்களை நண்பர்க்கு வழங்கிவிட்டேன். இழப்பின்றிச் சுருக்கும் 'ஃபிளாக்' வடிவைப் பின்னர் அறிந்து, அந்த எம்.பி.3 கோப்புகளையே ஃபிளாக்காக மாற்றினேன். கோப்புகள் பருத்தன, இசை தேறவில்லை. தவிலின் அடி தெறித்து விழவேண்டிய இடத்தில் மங்கிய ஓசையே கேட்டது. சிதைந்த ஏட்டுக்குப் பட்டுத்துணி சுற்றியது போலாயிற்று.

காரணம் எளிது. இறுவட்டிலே செக்கனுக்கு 44,100 முறை ஒலி அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக, இரு தடங்களிற் பதியப்பட்டிருக்கும். ஒரு மணிநேர இசை ஏறக்குறைய 635 மெகாபைட். செவிக்கு எட்டாதெனக் கணித்தவற்றை எம்.பி.3 நீக்கிவிடுகிறது, செக்கனுக்கு 128 கிலோபிட் என்ற அளவிற் பதிந்தால் கோப்பு பதினொன்றில் ஒரு பங்காகும். நீக்கியதை எந்த மாற்றமும் மீட்டுத்தராது. ஃபிளாக்கோ முந்திய அளவுகளைக்கொண்டு அடுத்ததை ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டையே குறித்துவைக்கிறது. வேறுபாடு பெரும்பாலும் சிறிய எண்; ஆகவே இடமும் குறைவு. விரிக்கும்போது ஊகத்தோடு அவ்வேறுபாட்டைக் கூட்டினால் மூலம் ஓரெண்ணும் பிசகாது திரும்பிவரும். இவ்வாறு பெரும்பாலான இசை பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை சுருங்கும். ஜோஷ் கோல்சன் ஆக்கி, 2001இல் முதற் பதிப்பாக வெளியிட்ட இவ்வடிவத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

"செவி அறியாத வேறுபாட்டுக்கு இத்தனை பாடா?" என்பர் சிலர். உயர்ந்த அளவிற் செய்த எம்.பி.3ஐ மூலத்திலிருந்து பிரித்தறிவது பயின்ற செவிக்கும் அரிது என்பதை ஒப்புகிறேன். பஸ் வண்டியிலிருந்து கேட்பதற்கு அது தாராளமாகப் போதும். ஆனால், கேட்பதற்கான பிரதி வேறு. காப்பதற்கான பிரதி வேறு. நாளை வடிவங்கள் மாறும். இழப்புள்ள வடிவிலிருந்து மற்றோர் இழப்புள்ள வடிவுக்கு மாற்றுந்தோறும் புதிதாகச் சிறிது தேயும். இழப்பற்ற பிரதியோ எத்தனை முறை இழப்பற்ற வடிவுக்கு மாற்றினும் தேயாது.

நம் வீடுகளிலே கோயில் திருவிழாக்களிற் பதிந்த ஒலிநாடாக்கள் இன்னும் கிடக்கின்றன. வாசித்த கலைஞருட் பலர் இன்றில்லை. அவ்வாசிப்புக்கு வேறு பிரதியும் இல்லை. இசையாசிரியர்களும் மாணவர்களும் அவற்றை முதலில் இழப்பற்ற வடிவிற் பதிந்துகொள்ள வேண்டும். கலைஞர் பெயர், கோயில், ஆண்டு ஆகியவற்றைக் கோப்பினுள்ளே தமிழிலேயே எழுதிவைக்கலாம். பிரதிகள் இரண்டை இரு வேறிடங்களில் வைத்தபின், எம்.பி.3 எத்தனை வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளட்டும். மூல நாடாவை மட்டும் எறிந்துவிட வேண்டாம்.

நான் வழங்கிய இறுவட்டுக்களுள் இதுவரை 18ஐத் தேடிப் பெற்றுப் பதிந்துவிட்டேன். எஞ்சியவற்றை வைத்திருக்கும் அன்பர்கள் ஒரு நாளைக்கு இரவல் தந்தால் நன்றியுடையேன்.