சாண்டா கிளாரா கவுண்டி மேற்பார்வையாளர் அவைக்குத் தமிழ்க் குடியிருப்போர் அளிக்கும் கோரிக்கை மனு

பெறுநர்: மேற்பார்வையாளர் அவையின் தலைவர், உறுப்பினர்கள் மற்றும் கவுண்டி நிர்வாக அலுவலர், சாண்டா கிளாரா கவுண்டி, சான் ஹொசே, கலிஃபோர்னியா.

அனுப்புநர்: அக்கவுண்டியில் வாழும் தமிழ்க் குடியிருப்போரின் சங்கம்.

பொருள்: குடியிருப்போர் தம் பிரதிநிதியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுப்பேற்று விடையளிக்கும் முறையை ஏற்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அவையினருக்கு,

அமெரிக்காவில் பொதுவாகக் ‘கவுண்டி’ என்பது மாநில அரசுக்கும் நகராட்சிக்கும் இடையில் அமைந்து, மாநிலத்தின் பணிகளை நிறைவேற்றும் கிளையாகவும், தன் எல்லைக்குள் வாழ்வோர் தேர்ந்தெடுத்த உள்ளாட்சியாகவும் ஒருங்கே இயங்கும் அமைப்பாகும். கலிஃபோர்னியாவின் 58 கவுண்டிகளுள் ஒன்றாகிய சாண்டா கிளாரா 1850ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் 15 நகரங்களும், எந்த நகரத்திலும் சேராமல் கவுண்டியின் நேரடி ஆட்சியில் உள்ள சான் மார்ட்டின், ஸ்டான்ஃபோர்டு போன்ற பகுதிகளும் அடங்குகின்றன. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கு வாழ்கின்றனர். இவர்கள் அனைவருக்குமாக ஐந்து தொகுதிகளிலிருந்து நான்காண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் ஐவரே ‘சூப்பர்வைசர்’ எனப்படும் மேற்பார்வையாளர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கவுண்டியை மாவட்டம் என்றும் அதன் தலைமை அலுவலரை ஆட்சியர் என்றும் மனத்தில் கொள்வது இயல்பே; ஆயினும் ஆட்சியரை மாநில அரசு நியமிக்கிறது என்பதும், இங்குள்ள நிர்வாக அலுவலரை மக்கள் தேர்ந்தெடுத்த அவையே நியமித்து அவரிடம் கணக்குக் கேட்கிறது என்பதும் பெரிய வேறுபாடு. இம்மனு நிர்வாகத்தோடு நிற்காமல் அவையை நோக்கியும் எழுதப்படுவதற்கு அதுவே காரணம்.

சங்கத்தின் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுள் பெரும்பாலானவை கடினமானவை அல்ல. சாலைக் குழியை யார் அடைப்பார், வரிச்சீட்டு ஏன் இரண்டாம் முறை வந்தது, பிறப்புச் சான்றிதழை எங்கே வாங்குவது, கொசுத்தொல்லையை யாரிடம் சொல்வது என்பன போன்ற இக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் உறுதியான விடை உண்டு. விடை எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை அறிவதுதான் கடினம். சாண்டா கிளாரா என்ற பெயரையே கவுண்டியும், ஒரு நகரமும், ஒரு பள்ளி மாவட்டமும், பேருந்துகளையும் இலகு ரயிலையும் இயக்கும் போக்குவரத்து ஆணையமும், நீர் வழங்கலையும் வெள்ளத் தடுப்பையும் கவனிக்கும் நீர் மாவட்டமும் தாங்கி நிற்பதால், கவுண்டிக்கு எழுத எண்ணிய கடிதம் நகர மன்றத்துக்குப் போய்ச் சேர்வதில் வியப்பில்லை. இங்கு ‘மாவட்டம்’ என்பது நிலப்பிரிவைக் குறிப்பதன்று. நீர், பள்ளி போன்ற ஏதேனும் ஒரு பணிக்கென்றே சட்டத்தால் அமைக்கப்பட்டு, தனக்கெனத் தனி ஆட்சிக்குழுவும் வருவாயும் கொண்ட உள்ளாட்சி அமைப்பையே குறிக்கும். அவற்றின்மீது மேற்பார்வையாளருக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது.

நகரங்களுக்கு இடையிலும் இந்தச் சிக்கல் தொடர்கிறது. குபர்டினோவில் ஒரு வீட்டின் பூட்டு உடைக்கப்பட்டால் வருபவர்கள் கவுண்டி ஷெரிஃபின் காவலர்கள்; ஏனெனில் அந்நகரம் தனக்கெனக் காவல்துறை வைத்துக்கொள்ளாமல் ஒப்பந்த அடிப்படையில் ஷெரிஃபின் சேவையைப் பெறுகிறது. பக்கத்து நகரமாகிய சன்னிவேலில் காவலையும் தீயணைப்பையும் பொதுப் பாதுகாப்புத் துறை என்ற ஒரே நகரத் துறை பார்த்துக்கொள்கிறது. குபர்டினோ நூலகம் கவுண்டி நூலக மாவட்டத்தைச் சேர்ந்தது. சன்னிவேல் நூலகம் நகரத்துக்கு உரியது. ஒரே தெருவின் இருபுறமும் வாழும் இரு குடும்பங்கள் ஒரே குறைக்கு இரு வேறு அரசுகளை நாட வேண்டியிருக்கும் நிலையை, வந்து சில மாதங்களே ஆன ஒரு குடும்பம் தானாக அறிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

சாலைகளைப் பொறுத்தவரை இந்த அறியாமைக்கு விலை கொடுக்க நேர்கிறது. ஹோம்ஸ்டெட் சாலையிலிருந்து லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் திரும்பி 280 ஃப்ரீவேயில் ஏறும் ஒருவர் சில நிமிடங்களுக்குள் மூன்று அரசுகளின் சாலைகளைக் கடந்துவிடுகிறார்: முதலாவது நகராட்சியின் பொறுப்பு, இரண்டாவது கவுண்டியின் பொறுப்பு, மூன்றாவது ‘கால்ட்ரான்ஸ்’ எனப்படும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. அல்மேடன், கேபிடல், சென்ட்ரல், ஃபுட்ஹில், லாரன்ஸ், மான்டேக், ஓரிகன்–பேஜ்மில், சான் தோமஸ் ஆகிய எட்டு எக்ஸ்பிரஸ்வேக்களையும் கவுண்டியே பராமரிக்கிறது என்பது இங்கே பல்லாண்டு வாழ்ந்தவர்களுள்ளும் பலருக்குத் தெரியாத செய்தி. குழியில் இறங்கி டயர் வெடித்து, சக்கரத்தின் ரிம் வளைந்துபோனால், இழப்பீடு கோரும் விண்ணப்பத்தை மாநிலச் சட்டப்படி ஆறு மாதங்களுக்குள் அளிக்க வேண்டும். அதையும் அந்தச் சாலைக்குப் பொறுப்பான அரசிடமே அளிக்க வேண்டும். நகரத்திடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, ஏழாம் மாதத்தில் அது கவுண்டியின் சாலை என்று அறியவரும் ஒருவர், தம் பக்கம் நியாயம் முழுவதும் இருந்தும் உரிமையை இழக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார். எனவே எக்ஸ்பிரஸ்வே ஒவ்வொன்றின் நுழைவிலும், அது கவுண்டியின் சாலை என்பதையும் குறைகளைத் தெரிவிக்கும் தொலைபேசி எண்ணையும் காட்டும் பலகை நிறுவப்பட வேண்டும் என்றும், தவறிவந்த இழப்பீட்டு விண்ணப்பம் எதுவாயினும் அது வந்தடைந்த சில நாள்களுக்குள்ளேயே உரிய அரசின் பெயரைக் குறித்து விண்ணப்பதாரருக்கு எழுதித் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் சங்கம் கோருகிறது.

வீடு வாங்கியவர்கள் கேட்பவற்றுள் சொத்துவரிக் கேள்வியே முதலிடம் பெறுகிறது. 1978ஆம் ஆண்டில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவின்படி, அடிப்படைச் சொத்துவரி மதிப்பில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது. உரிமை கைமாறும்போது சந்தை விலைக்கு ஏற்ப மதிப்பு புதிதாக நிர்ணயிக்கப்படும். பழைய மதிப்புக்கும் புதிய மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டின்மீது, நிதியாண்டில் எஞ்சிய மாதங்களுக்குக் கணக்கிட்டு அனுப்பப்படுவதே ‘சப்ளிமென்டல் பில்’ எனப்படும் துணை வரிச்சீட்டு. ஐந்து லட்சம் டாலர் மதிப்பிடப்பட்டிருந்த வீட்டைப் பதினைந்து லட்சத்துக்கு ஒரு குடும்பம் டிசம்பரில் வாங்குவதாகக் கொண்டால், வேறுபாடாகிய பத்து லட்சத்துக்கு ஆண்டு வரி பத்தாயிரம் டாலர். நிதியாண்டு ஜூலையில் தொடங்குவதால் எஞ்சிய அரையாண்டுக்கு ஐயாயிரம் டாலர். முன்பணமும் பதிவுச் செலவும் கொடுத்துக் கையிருப்புக் கரைந்த நேரத்தில் வந்து சேரும் இச்சீட்டைக் கடன் கொடுத்த வங்கி கட்டிவிடும் என்று பலரும் நம்புகின்றனர். ஆனால் துணை வரிச்சீட்டு வீட்டுரிமையாளருக்கே அனுப்பப்படுகிறது. மாதத் தவணையோடு வரியையும் சேர்த்துப் பிடிக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து வங்கிகள் பொதுவாக அதைக் கட்டுவதில்லை. கெடு தவறினால் பத்து விழுக்காடு அபராதம் விழுகிறது. சீட்டு கைக்கு வரவில்லை என்பதைச் சட்டம் காரணமாக ஏற்பதில்லை.

இங்கே மேற்பார்வையாளரின் அதிகாரம் குறுகியது என்பதைச் சங்கம் நன்கு அறியும். சொத்தை மதிப்பிடும் ‘அசெஸர்’ தனியே மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்; வரி விகிதத்தின் உச்சவரம்பு மாநில அரசியலமைப்பிலேயே உள்ளது; வசூலாகும் தொகையில் பெரும்பங்கு பள்ளிகளுக்குப் போகிறது. பள்ளி மாவட்டங்கள் பல 65 வயதைக் கடந்தோருக்கு அளிக்கும் மனைவரி விலக்கைக்கூட அந்தந்தப் பள்ளி மாவட்டத்திடமே கேட்டுப் பெற வேண்டும். கவுண்டி அலுவலகத்தில் வரிசையில் நின்று பயனில்லை. ஆகவே வரியைக் குறைக்குமாறு இம்மனு கேட்கவில்லை. உரிமை மாற்றம் பதிவாகும் நாளிலேயே, துணை வரிச்சீட்டு வரவிருப்பதையும் அதன் உத்தேசத் தொகையையும், மதிப்பீட்டை மறுக்க விரும்புவோர் மேல்முறையீடு செய்வதற்கான கால எல்லையையும் குறிக்கும் ஒரு பக்க அறிவிப்பு, தமிழ் உள்ளிட்ட குடியிருப்போர் மொழிகளில் புதிய உரிமையாளருக்குத் தரப்பட வேண்டும் என்பதே கோரிக்கை. ஆண்டு மதிப்பீட்டுக்கு எதிரான மேல்முறையீட்டுக் காலம் ஜூலை 2ஆம் நாள் தொடங்கிச் செப்டம்பர் 15ஆம் நாள் முடிவதால், அக்டோபரில் விழித்துக்கொள்பவருக்கு அந்த ஆண்டுக்கான வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

பிறப்புச் சான்றிதழ் தொடர்பான குழப்பம் அளவில் சிறியது. ஆனால் இந்தியாவோடு உறவு அறாத குடும்பங்களை நேராகத் தாக்குவது. வெளிநாட்டில் செல்லும்படி ஆவணத்தை உறுதிசெய்யும் முத்திரையாகிய ‘அப்போஸ்டில்’ மாநிலச் செயலாளரின் அலுவலகத்தில் வழங்கப்படுகிறது. கவுண்டி எழுத்தர்–பதிவாளர் கையொப்பமிட்ட நகலை அவ்வலுவலகம் நேரடியாக ஏற்கும். பொதுச் சுகாதார அலுவலர் கையொப்பமிட்ட நகலாயின் முதலில் கவுண்டி எழுத்தரின் சான்றையும் பெற்று வரச் சொல்லும். அண்மையில் பிறந்த குழந்தைகளின் நகல்கள் சுகாதாரத் துறையிலிருந்தே கிடைப்பதால், கைக்குழந்தையோடு அவ்வலுவலகம் உள்ள சாக்ரமென்டோ வரை சென்று திரும்பும் அலைச்சலைத் தவிர்க்க, விண்ணப்பப் படிவத்திலேயே ‘நகல் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கா’ என்ற ஒரு வினாவைச் சேர்த்தால் போதும்.

வேலை விசாவிலோ நிரந்தர வசிப்புரிமை அட்டையிலோ வாழும் உறுப்பினர்கள், வாக்கில்லாத தமக்குப் பிரதிநிதியிடம் கேள்வி கேட்கும் உரிமை உண்டா என்று தயங்குவதைச் சங்கம் அடிக்கடி காண்கிறது. மேற்பார்வையாளர் தொகுதிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை மொத்த மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்படுகின்றன. வாக்காளர் எண்ணிக்கை அதற்கு அளவுகோல் அன்று. தொகுதியை நிரப்புவதற்கு எண்ணப்பட்டவர், அத்தொகுதியின் அலுவலகத்தில் குரல் கொடுக்கவும் தகுதியுடையவரே. அலுவலகத்துக்கு எழுதுவோரிடம் குடியுரிமை நிலை கேட்கப்படாது என்ற ஒரு வரியை, தொடர்புப் படிவங்கள் அனைத்திலும் பளிச்சென்று அச்சிடுமாறு சங்கம் வேண்டுகிறது. மருத்துவ உதவித் திட்டமாகிய மெடி-கால் பற்றிப் பெற்றோருக்காகக் கேட்போரிடம் இந்த அச்சம் இன்னும் மிகுதி. அங்கே கூட்டரசின் குடியேற்றச் சட்டமும் மாநிலத்தின் தகுதி விதிகளும் பின்னிக் கிடப்பதால், வாய்மொழி விடை போதாது. எழுத்தில் தர வேண்டும்.

அவைக் கூட்டங்களைப் பொறுத்தவரை சட்டம் ஏற்கெனவே தாராளமாகவே உள்ளது. 1953ஆம் ஆண்டின் பிரௌன் சட்டம், வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாக வெளியிட வேண்டும் என்றும், பொதுமக்கள் பேச வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. பேச்சுக்கு நேர வரம்பு உள்ள கூட்டங்களில், மொழிபெயர்ப்பாளரின் துணையோடு பேசுபவருக்கு, உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இல்லாதபோது, குறைந்தது இருமடங்கு நேரம் தர வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. பேரனின் ஆங்கிலத்தை நம்பி இரண்டு நிமிடத்துக்குள் தம் குறையைச் சுருக்கிக்கொள்ள முயலும் ஒரு பாட்டிக்கு இப்பிரிவு இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால் அவர் தமிழிலேயே பேசியிருப்பார். இவ்வுரிமையை ஒவ்வொரு நிகழ்ச்சி நிரலின் முதற்பக்கத்திலும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அச்சிடுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

குடியிருப்போரின் கேள்வி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இக்கவுண்டியிலேயே சான்று உண்டு. கிழக்கு சான் ஹொசேயில் கவுண்டிக்குச் சொந்தமான ரீட்–ஹில்வியூ சிறு விமான நிலையத்தைச் சூழ்ந்து வாழ்வோர், ஈயம் கலந்த எரிபொருளால் பறக்கும் விமானங்கள் தம் குழந்தைகளுக்கு என்ன செய்கின்றன என்று நெடுங்காலம் கேட்டனர். கவுண்டி ஏற்பாடு செய்த ஆய்வு 2021ஆம் ஆண்டில் வெளியாகி, நிலையத்துக்கு அருகில் வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. 2022 ஜனவரி 1 முதல் கவுண்டியின் விமான நிலையங்களில் அவ்வெரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. 2023 அக்டோபரில் கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் அத்தகைய விமானங்கள் வெளியிடும் ஈயம் பொதுநலத்துக்குக் கேடு என்று தீர்மானித்தது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது கூட்டரசின் வேலை என்று சொல்லிக் கவுண்டி அக்கேள்வியைக் கைகழுவியிருக்க முடியும். அவ்வாறு செய்யாததே இந்த அவையின் பெருமை.

அதே அணுகுமுறை அன்றாடக் கேள்விகளுக்கும் வேண்டும் என்பதே இம்மனுவின் முதன்மைக் கோரிக்கை. தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குக் குறைகள் பல உண்டெனினும், ஒரு நல்ல வழக்கம் அதில் உள்ளது: கொடுக்கப்படும் மனுவுக்கு எண்ணிட்டு, அது எந்தத் துறையைச் சார்ந்ததோ அந்தத் துறைக்கு அலுவலகமே அதை அனுப்புகிறது; மனுதாரர் துறை தேடி அலைய வேண்டியதில்லை. அவ்வாறே, ஐந்து மேற்பார்வையாளர் அலுவலகங்களுள் எதற்கு வரும் கேள்வியாயினும் ஒரே பதிவேட்டில் எண் பெற வேண்டும். கவுண்டிக்கு உரியதாயின் துறையின் பெயரும் விடை வரும் நாளும் தெரிவிக்கப்பட வேண்டும். நகரத்துக்கோ மாநிலத்துக்கோ நீர் மாவட்டத்துக்கோ உரியதாயின், ‘எங்கள் வேலை அன்று’ என்ற பதிலோடு நிறுத்தாமல் அங்கே அனுப்பி, அனுப்பிய செய்தியைக் கேட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். பொது ஆவணங்களைக் கோருவோருக்கு, ஆவணம் தரப்படுமா என்ற முடிவைப் பத்து நாள்களுக்குள் தெரிவிக்குமாறு கலிஃபோர்னியாச் சட்டம் ஏற்கெனவே பணிக்கிறது. எளிய கேள்விக்கும் அதே பத்து நாள் கெடுவை அவை தானாக ஏற்றுக்கொள்வது பெரும் சுமையாகாது. பதிவேட்டில் சேரும் கேள்விகளைத் துறைவாரியாகத் தொகுத்து ஆண்டுக்கொருமுறை, வரவுசெலவுத் திட்ட விவாதத்துக்கு முன்னதாக, அவையின் முன் வைக்க வேண்டும்.

இக்கோரிக்கைகளை அவையின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளாகச் சேர்த்து விவாதிக்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது. நிரலில் இல்லாத பொருளின்மீது அவை பொதுவாக முடிவெடுக்க இயலாது என்பதால், பொதுக் கருத்து நேரத்தில் பேசுவதோடு இது முடிந்துவிடக்கூடாது. மொழிபெயர்ப்புக்கும் தமிழ் அறிவிப்புகளைச் சரிபார்ப்பதற்கும் சங்கத்தின் உறுப்பினர்கள் ஊதியமின்றி உதவ ஆயத்தமாக உள்ளனர். இம்மனுவின் ஆங்கில வடிவம் இணைக்கப்பட்டுள்ளது. விவாதம் நடைபெறும் நாளைச் சங்கத்தின் செயலாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்