ஸ்டிரைக் சட்டவிரோதம், சரி. டிஸ்மிஸ்?

"சட்டவிரோதமா ஸ்டிரைக் பண்ணினாங்க, வேலையை விட்டுத் தூக்கினாங்க. இதுல என்ன தப்பு?" தொழிற்சட்டப் பாடம் வரும்போதெல்லாம் நண்பர்கள் சொல்லும் வசனம் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்புகிறோம். ஸ்டிரைக் சட்டப்படி சரியா என்பது ஒன்று. நீக்கிய விதம் சட்டப்படி சரியா என்பது வேறொன்று.

2003 ஜூலையை எடுத்துக்கொள்வோம். ஓய்வூதியச் சலுகைகள் வெட்டப்பட்டதை எதிர்த்துத் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெயலலிதா அரசு, டெஸ்மா சட்டத்தை ஓர் அவசரச் சட்டத்தால் மேலும் இறுக்கி, சுமார் 1.7 லட்சம் பேரை டிஸ்மிஸ் செய்தது. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்றது. எல்லோரும் இந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மீதியையும் படியுங்கள். கைதான சுமார் 2,200 பேரையும் வழக்குப் பதிவானவர்களையும் தனியே பிரித்துவிட்டு, மற்றவர்கள் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்வதாக அரசே ஒப்புக்கொண்டது. நீக்கிய பிறகு பிரிக்க முடிந்ததை, நீக்குவதற்கு முன் ஏன் செய்யவில்லை? குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதில் சொல்ல வாய்ப்புத் தந்த பிறகே நீக்க வேண்டும் என்பதுதானே அரசியல் சட்டம் 311ஆவது பிரிவு? அதற்கு விலக்குகள் உண்டு. ஆனால் லட்சக்கணக்கில் நீக்கும்போது விலக்கே விதியாகிவிடுமா?

தனியார் ஆலைக்கும் இதே கணக்குத்தான். 1959இல் இந்தியா ஜெனரல் நேவிகேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டவிரோத ஸ்டிரைக்கை நியாயமானது என்று சொல்லவே முடியாது என்று கறாராகச் சொன்னது. அதே தீர்ப்புதான், தண்டனை என்று வரும்போது அமைதியாகக் கலந்துகொண்டவரையும் வன்முறையில் இறங்கியவரையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது. 1979இல் குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கிலும் அதே பேச்சு: ஒவ்வொருவர் செய்த தவறையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும்.

பொதுமக்கள் அவதிப்படுகிறார்களே என்பீர்கள். உண்மைதான். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளத்தைப் பிடியுங்கள். கல்லெறிந்தவரை விசாரித்து வீட்டுக்கு அனுப்புங்கள். யார் வேண்டாம் என்றது?

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்பு நிபந்தனை இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் உண்டு. பாதிப் பேர் கூட்டாக லீவு போட்டாலே அது ஸ்டிரைக். ஆக, ஒரு ஸ்டிரைக் சட்டவிரோதமாவது இனி ரொம்பச் சுலபம். நாளை நம்மில் சிலர் ஹெச்.ஆர். நாற்காலியில் உட்காருவோம், சிலர் கேட்டுக்கு வெளியே நிற்போம். நோட்டீஸ் கொடுக்காமல் நின்றவர் சட்டத்தை மீறினார் என்றால், விசாரிக்காமல் துரத்தியவர் மட்டும் எதை மதித்தார்?