அமானிதத்துக்குப் பூட்டுப் போடுவது எந்த நீதி?



திமிரியில் எங்கள் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை, இராணிப்பேட்டைத் தோல் ஆலைகளில் துண்டுத் தோல் வாங்கிச் செருப்புத் தைப்போருக்கு விற்பவர். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஆட்களுக்குக் கூலி அனுப்பக் கைபேசியைத் திறந்தார், பணம் போகவில்லை. திங்களன்று வங்கிக்கு ஓடினார். "கணக்கு முடக்கப்பட்டுள்ளது. வேறு மாநிலச் சைபர் காவல்துறையின் உத்தரவு. எங்களுக்கு வேறொன்றும் தெரியாது" என்றார்கள். முன்பின் அறியாத ஒருவர் தோலுக்காக அனுப்பிய 3,200 ரூபாய் மோசடிப் பணமாம். அதற்காக அவருடைய 86,000 ரூபாயும் முடங்கியது. ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

வங்கியில் இடும் பணத்தை அமானிதம் என்பாரும் உண்டு. கடன் என்பாரும் உண்டு. எதுவாயினும், உரியவர் கேட்கும்போது ஒப்படைப்பது கடமை என்பதே அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கற்பிக்கும் நெறி. தம்மைக் கொல்லச் சூழ்ந்த மக்காவாசிகளின் பொருள்களையும் உரியவரிடம் சேர்ப்பிக்க, ஹிஜ்ரத்தின்போது அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). பகைவனின் பொருளுக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், குற்றமே சாட்டப்படாத உழைப்பாளியின் கூலிப் பணத்துக்கு என்ன பாதுகாப்பு இருக்க வேண்டும்?

அதே அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்கலாகாது என்று நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. கடன் பெற்றவரின் கணக்கை மோசடிக் கணக்கு என அறிவிக்குமுன் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என 2023 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு, இந்தத் தோல் வியாபாரியின் நிலைக்கு இன்னும் நெருக்கமானது. சுமார் இரண்டரை இலட்சம் ரூபாய் மீதான ஐயத்துக்காக, ஒன்பது இலட்சத்துக்கும் மேல் இருந்த கணக்கு முழுவதும் முடக்கப்பட்டிருந்தது. அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மற்றதை இயக்க நீதிமன்றம் அனுமதித்தது.

மோசடியில் பணம் இழந்தவருக்காக விரைந்து செயல்பட வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், அவரும் மஸ்லூமே. ஆனால் 3,200 ரூபாயை நிறுத்திவைக்க 86,000 ரூபாயைப் பூட்டுவது, ஒரு மஸ்லூமுக்காக இன்னொரு மஸ்லூமை உண்டாக்குவதாகும்.

விசாரிக்காத செய்தி எத்தகைய தீங்கு செய்யும் என்பதற்கு இலண்டன் சான்று. 2014 ஜூலையில் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசலின் கணக்கை மூடப்போவதாக எச்.எஸ்.பி.சி. வங்கி கடிதம் அனுப்பியது. வங்கிகள் பார்க்கும் ஒரு தரவுப் பட்டியலில் அப்பள்ளிவாசல் பயங்கரவாதத் தலைப்பின் கீழ் வைக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. 2017இல் அப்பட்டியலின் உரிமையாளரான தாம்சன் ராய்ட்டர்ஸ் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தந்தது. செய்தி வந்தால் தெளிவாக விசாரிக்கச் சொல்லும் அல்ஹுஜுராத் 6ஆம் வசனம் நினைவுக்கு வருகிறதல்லவா?

நம்மவரையும் கண்டிக்காமல் விட முடியாது. சில ஆயிரம் கமிஷனுக்குத் தம் வங்கிக் கணக்கை அந்நியருக்குக் கொடுக்கும் இளைஞர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். அது திருடனுக்குக் கதவு திறந்துவிடுவது, ஹராம். அவர்கள் செய்யும் பாவத்தின் சுமை, பில் போட்டு வியாபாரம் செய்பவரின் தலையிலும் விழுகிறது.

கணக்கு முடங்கினால் கலங்கி நிற்காதீர்கள். உத்தரவின் நகலையும் புகார் எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். பில்களைக் காட்டி, ஐயத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கக் கோருங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அந்தத் தந்தைக்கு இம்மனுவை எங்கள் உஸ்தாதுகளே அமர்ந்து எழுதிக் கொடுத்தோம். ஒவ்வொரு ஜமாஅத்திலும் இப்படி எழுதத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும்.

அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை. பூட்டுப் போடும் கைகள் இதை நினைவில் கொள்ளட்டும்.