தியாகம் கேட்பவர்கள் - 'ஜேன் ஐர்' நாவலை முன்வைத்து

"ஜேன் ஐர் படிச்சிருக்கீங்களா சார்? என்ன ஒரு தியாகக் காதல்! கண்ணு தெரியாதவனைத் தேடிப் போய்க் கட்டிக்கிறாளே!" என்று போன வாரம் மதியச் சாப்பாட்டின்போது சிலாகித்தார் இங்குள்ள தமிழ் நண்பர் ஒருவர். நான் மறுத்துப் பேச ஆரம்பிப்பதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது. அங்கே சொல்ல முடியாததை இங்கே கொட்டிவிடுகிறேன்.

சார்லட் ப்ராண்டி இந்த நாவலை 1847-ல் கரர் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்டார். அப்பா ஹாவொர்த் ஊரின் பாதிரியார். ஆக, மதத்தை வெளியே நின்று பார்த்தவரல்ல, அதற்குள்ளேயே வளர்ந்தவர். அப்படியும் 1848 டிசம்பரில் குவார்ட்டர்லி ரிவ்யூ இதழில் எலிசபெத் ரிக்பி இது கிறிஸ்தவத்துக்கு விரோதமான புத்தகம் என்று விளாசினார். ரிக்பிக்கு அது மதவிரோதம், நம் நண்பருக்குத் தியாகக் காவியம். இருவருமே தவறு என்பது என் கட்சி.

நாவலில் ஜேனிடம் தியாகம் கேட்டு வரிசையாக ஆட்கள் வருகிறார்கள். முதலில் பள்ளி நடத்தும் பாதிரியார் ப்ரோக்கில்ஹர்ஸ்ட். அனாதைக் குழந்தைகள் அரைப்பட்டினி கிடந்தால்தான் ஆன்மா சுத்தமாகுமாம். அவர் வீட்டுப் பெண்கள் மட்டும் பட்டும் வெல்வெட்டுமாக வந்து இறங்குகிறார்கள்!

அடுத்து ராச்செஸ்டர். காதலனோடு சேர்ந்து சாகவும் துணிந்த பெண்ணைப் பற்றி உருகிப் பாடுகிறார். உடனே ஜேன், எனக்கு விதித்த காலம்வரை நான் வாழ்வேன், சதி ஏறுகிற உத்தேசமெல்லாம் கிடையாது என்று சொல்லிவிடுகிறாள். பெண்டிங்க் வங்காளத்தில் சதியைத் தடை செய்தது 1829-ல். பதினெட்டு வருஷம் கழித்து வந்த ஓர் இங்கிலீஷ் நாவலில், ஒரு பெண் தன் எஜமானனின் கவிதையையே சதி என்று அடையாளம் காண்கிறாள். இதையா தியாகக் காதல் என்பது?

மூன்றாமவர்தான் ஆபத்தானவர். செயின்ட் ஜான் ரிவர்ஸ். நல்லவர், நேர்மையானவர். பசியால் தன் வீட்டு வாசலில் விழுந்து கிடந்த ஜேனைக் காப்பாற்றியவர். பின்னால் ஜேனுக்கு 20,000 பவுண்டு சொத்து வருகிறது. அதை அத்தை பிள்ளைகளான செயின்ட் ஜானுக்கும் அவருடைய இரண்டு சகோதரிகளுக்கும் சேர்த்து, ஆளுக்கு 5,000 என்று நான்காகப் பிரிக்கிறாள். அவசரப்படாதே என்று அப்போது தடுத்துப் பார்ப்பவர் இதே செயின்ட் ஜான்! பிறகு அவரே, இந்தியாவுக்கு மதப்பணி செய்யப் போகிறேன், என்னைக் கல்யாணம் செய்துகொண்டு வா என்கிறார். ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தவளை நிறுத்தி ஹிந்துஸ்தானி படிக்க வைக்கிறார். (மாற்றலுக்காக ஹிந்தி படித்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்கு ஜேன்மேல் கூடுதல் பரிவு.) காதல் இருக்கிறதா என்றால் இல்லை. தங்கையாக, உதவியாளாக வருகிறேன் என்கிறாள். அதெல்லாம் முடியாது, மனைவியாகத்தான் வரவேண்டும், மறுத்தால் நீ என்னை மறுக்கவில்லை, கடவுளை மறுக்கிறாய் என்கிறார்.

பி.காம். படித்தவர்களுக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 16 ஞாபகம் இருக்கும். இன்னொருவரின் மனதை ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவர் அதை வைத்து நியாயமற்ற ஆதாயம் பெற்றால், அது தகாத செல்வாக்கு. அப்படி வாங்கிய சம்மதத்தைக் கொடுத்தவர் ரத்து செய்யக் கோரலாம். உயிர் காத்தவர், உறவினர், மதகுரு, இத்தனையும் ஒரே ஆளாக நின்று கடவுள் பெயரில் கேட்டால் அது வேறென்ன?

இதைக் கதையென்று என்னால் ஒதுக்க முடியவில்லை. கணவரின் தொழில் கடனுக்கு ஜாமீன் போட வரும் பெண்களை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். "எல்லாம் குடும்பத்துக்காகத்தானே" என்று சொல்லிக்கொண்டே, படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். பக்கத்தில் கணவர், பின்னால் மாமனார். பேனாவை நீட்டியவன் நான். கடன் வாராக்கடனானதும் நோட்டீஸ் அந்தப் பெண்ணின் பெயருக்கும் போகும். அதிலும் என் கையெழுத்துதான்.

அப்படியானால் ஜேன் எதையும் விட்டுக்கொடுக்கவில்லையா? கொடுக்கிறாள். ராச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிந்ததும், உயிராய் நேசித்தவரை விட்டுவிட்டு இருபது ஷில்லிங்கோடு வெளியேறிப் பட்டினி கிடக்கிறாள். கடவுளின் சட்டத்துக்காக, தன் சுயமரியாதைக்காக. யாரும் கேட்டு வாங்கியதல்ல அது. கடைசியில் பார்வையும் ஒரு கையும் இழந்த ராச்செஸ்டரிடம் வரும்போது, தியாகம் செய்கிறாய் என்று அவரே சொல்ல, எனக்குப் பிடித்ததைச் செய்வதில் என்ன தியாகம் என்று கேட்கிறாள். நண்பர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார் போலிருக்கிறது.

நாவலில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மாடியில் பூட்டி வைக்கப்பட்ட மனைவி பெர்த்தா தீயில் செத்த பிறகுதான் ஜேனுக்கு வழி பிறக்கிறது. 30,000 பவுண்டோடு வந்த அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்காகப் பேச 1966-ல் ஜீன் ரைஸ் 'வைட் சர்காஸோ ஸீ' எழுத வேண்டியிருந்தது. உண்மையில் பலியானவள் அவள்தான். தியாகம் பற்றிப் பேசுபவர்களின் வாயில் அவள் பெயர் வருவதேயில்லை.

தன் உயிரைத் தான் கொடுப்பவரை நான் கும்பிடுவேன். செயின்ட் ஜான் இந்தியாவில் உழைத்துத் தேய்ந்ததையும் சேர்த்துத்தான். அடுத்தவர் உயிரைக் கடவுள் கணக்கில் பற்று எழுத மட்டும் எவருக்கும் அதிகாரமில்லை.

இப்போதெல்லாம் ஜாமீன் போட வருபவர்களிடம், "வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு நாளைக்கு வாங்க" என்கிறேன். கணவர்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.