1,800 டாலர் எஸ்டிமேட்டும் பேர் தெரியாத ஒரு முள்ளும்

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, வரி இல்லை. ஒரு பழைய மோட்டார்ஹோம் டேஷ்போர்டுல இருந்த கேஜ் பத்தி. "சிஏக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. பணம் போற விஷயம்தான், படிச்சுட்டுச் சொல்லுங்க.

டெக்சாஸ்ல இருக்கிற நம்ம சேனல் பார்வையாளர் ஒருத்தர், 1994 மாடல் மோட்டார்ஹோம் ஒண்ணு வாங்கியிருக்கார். போர்டு ஈ-350 வேன் அடித்தளத்துக்கு மேல படுக்கை, சமையலறை எல்லாம் கட்டின வகை. கோடையில குடும்பத்தோட கொலராடோ மலைக்குப் போகணும்னு திட்டம். வண்டி நல்லா ஓடுது. ஆனா ஸ்டியரிங்குக்குக் கீழ, யாரோ பழைய உரிமையாளர் தனியா மாட்டின ஒரு வட்டக் கேஜ். எழுத்து அழிஞ்சு போச்சு, 100-லிருந்து 280 வரை எண்கள் மட்டும் தெரியுது. முள் எப்பவும் இடது ஓரத்துல படுத்தே கிடக்கு.

ஒரு ஒர்க்ஷாப்ல கேட்டா, "பழைய வயரிங், மொத்தமா மாத்திடலாம், 1,800 டாலர் ஆகும்"னு சொல்லியிருக்காங்க. நண்பர்களோ, "ஓடுதுல்ல, அந்த ஒயரைக் கழட்டிப் போட்டுட்டு போங்க"ன்னு சொல்லியிருக்காங்க. எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்கலாமா, இல்ல விட்டுடலாமான்னு என்கிட்ட கேட்டார்.

என் கருத்து, ரெண்டுமே தப்பு. என்ன கோளாறுன்னு சொல்லாத எஸ்டிமேட்டுக்குக் காசு கொடுக்கக் கூடாது. என்ன காட்டுதுன்னு தெரியாத கேஜைக் கழட்டவும் கூடாது. எங்க தொழில்ல பேர் தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போடுவோம். அது அங்கேயே வருஷக்கணக்கா இருக்கலாம்னு அர்த்தம் இல்லை. அதுக்காக யாரும் கணக்குப் புத்தகம் மொத்தத்தையும் புதுசா எழுத மாட்டாங்க. வவுச்சரைத் தேடுவோம்.

இங்க வவுச்சர்னா ஒயர். பேட்டரியோட நெகட்டிவ் கேபிளைக் கழட்டிட்டு கேஜுக்குப் பின்னாடி பார்க்கணும். மோட்டார்ஹோம்ல எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுப் பகுதிக்கு ஒரு பேட்டரி இருக்கும். ரெண்டையும் கழட்டணும். தடிமனா ரெண்டே ஒயர் இருந்தா பெரும்பாலும் அம்மீட்டர். அதுல வண்டியோட பெரிய கரண்ட் ஓடும், அனுபவம் இல்லாதவங்க தொடவே வேண்டாம். ஒயருக்குப் பதிலா மெல்லிய குழாய் வந்தா அது வேக்யூம் கேஜா இருக்கலாம், ஆயில் பிரஷர் கேஜா இருக்கலாம். ஆயில் பிரஷர்னா அந்தக் குழாய்க்குள்ள எஞ்சின் ஆயிலே நிக்கும், உடைஞ்சா சூடான ஆயில் கால்ல கொட்டும். மூணு முனை இருந்து ஐ, ஜி, எஸ்னு எழுத்து இருந்தா, வரிசையா இக்னிஷன், எர்த், சென்சார்.

நம்ம நண்பருக்கு மூணு முனை. எண்களோ 100-லிருந்து 280, அதாவது ஃபாரன்ஹீட் வெப்பநிலையா இருக்கணும். எஞ்சின் தண்ணி சூட்டுக்கு வண்டியிலேயே வேற கேஜ் இருக்கு. அப்போ இது வேற எதோட சூடு?

25 டாலர் மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கச் சொன்னேன். பேட்டரியை மறுபடி இணைச்சு, சாவியைத் திருப்பினா ஐ முனையில 12 வோல்ட் வருது. ஜி முனைக்கும் வண்டி பாடிக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட சைபர், எர்த் சரி. பழைய வண்டியில கேஜ் தகராறு பாதிக்கு எர்த்துலதான் முடியும், அதனால இதை விடக் கூடாது. எஸ் ஒயரைக் கழட்டி, அந்த முனையை ஒரு நொடி எர்த்துல தொட்டார். படுத்துக் கிடந்த முள் அப்படியே வலது ஓரத்துக்குப் போச்சு. கேஜ் உயிரோட இருக்கு! டேஷ்போர்டுல மாத்த வேண்டியது ஒண்ணுமே இல்லைன்னு அந்த நொடியே தெரிஞ்சு போச்சு.

அடுத்த சனிக்கிழமை பச்சை ஒயரைப் பின்தொடர்ந்து போயிருக்கார். இந்த வகை வண்டியில டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவுலதான் எஞ்சின் மூடி. அதைத் திறந்தா, ஒயர் கீழ இறங்கி சைலன்சர் பைப் பக்கத்துல உருகி அறுந்து தொங்குது. மிச்சப் பாதி எங்க போகுதுன்னு பார்த்தா, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் போற குழாயில ஒரு சென்சார். அதாவது மலை ஏறும்போது கியர்பாக்ஸ் கொதிக்குதான்னு சொல்ற முள் அது.

இந்த மாதிரி சென்சார்ல சூடு ஏறினா ரெசிஸ்டன்ஸ் குறையும். குளிர்ச்சியா இருந்தா ரெசிஸ்டன்ஸ் அதிகம். ஒயர் அறுந்தா? ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாம போயிடும், கேஜ் அதை "ரொம்பக் குளிர்ச்சி"ன்னு காட்டும். கோளாறும் நல்ல செய்தியும் ஒரே இடத்துல முள்ளை நிறுத்தும். அதே ஒயர் உருகி பைப்பைத் தொட்டுக்கிட்டிருந்தா முள் எப்பவும் சிவப்புலேயே நின்னிருக்கும், முதல் நாளே பயந்து பார்த்திருப்பாங்க. தொடாம தொங்கினதாலதான் இவ்வளவு நாள் யாரும் கண்டுக்கலை.

ஆடிட் படிச்சவங்களுக்கு எஸ்ஏ 505 ஞாபகம் வரும். "பாக்கி தப்பா இருந்தா மட்டும் பதில் போடுங்க"ன்னு கடிதம் அனுப்பினா, பதில் வராததை வலுவான ஆதாரமா எடுத்துக்க முடியாது. கடிதம் போய்ச் சேரவே இல்லாம இருக்கலாம். அந்த இடது ஓரத்து முள்ளும் அப்படித்தான்.

இப்போ செலவுக் கணக்கு. மீட்டர், புது ஒயர், சூடு தாங்கும் உறை, முனைகள் எல்லாம் சேர்த்து 60 டாலருக்குள்ள முடிஞ்சது. ஒயரை இந்தத் தடவை பைப்பை விட்டுத் தள்ளிக் கட்டியிருக்கார். சென்சாரை மாத்தவே இல்லை. காலையில குளிர்ச்சியா இருக்கும்போது ஒரு தடவை, ஓட்டிட்டு வந்து ஒரு தடவை ஓம் அளந்தார், நல்லாவே குறைஞ்சிருந்தது. அப்போ சென்சார் சரி.

"அவர் நேரத்துக்கு விலை இல்லையா?"ன்னு சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்வி. ரெண்டு சனிக்கிழமை, மொத்தம் 5 மணி நேரம். மணிக்கு 50 டாலர்னு வெச்சாலும் 250. சாமானோட 310. கையில அழுக்குப் படப் பிடிக்காதவங்க, மணிக்கு 150 டாலர் வாங்கற எலக்ட்ரீஷியனை 2 மணி நேரத்துக்குக் கூப்பிட்டு, "கோளாறை மட்டும் கண்டுபிடிச்சு எழுதிக் கொடுங்க, ரிப்பேர் அப்புறம் பேசலாம்"னு சொன்னாலும் 300தான். நம்ம ஊர்ல பல்புல ரெண்டு ஒயர் சுத்தின டெஸ்ட் லேம்ப்போட வர்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன் இதே வேலையைத்தான் செய்வார். கண்டுபிடிக்கிறதுக்குத் தனியா கூலி கொடுக்க நமக்கு மனசு வர்றதில்லை, பார்ட்ஸை மாத்தினா மட்டும் கொடுத்துடுவோம். அதனாலதான் ஒர்க்ஷாப்காரங்களும் பார்ட்ஸையே விக்கிறாங்க.

1,800 கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? டேஷ்போர்டுக்குப் பின்னாடி எல்லாம் புதுசாகியிருக்கும், சைலன்சர் பக்கத்து ஒயர் அறுந்தே இருந்திருக்கும். கழட்டிப் போட்டிருந்தா? கொலராடோவுல டென்வரிலிருந்து மேற்கே போற ஐ-70 சாலை, ஐசன்ஹோவர் சுரங்கத்துல 11,000 அடியைத் தாண்டுது. சமையலறையையும் தண்ணித் தொட்டியையும் சுமந்துக்கிட்டு அந்த ஏத்தத்துல கியர்பாக்ஸ் படுத்தா, மாத்துற செலவு ஆயிரங்கள்ல வரும். இழுவை வண்டி, ஹோட்டல், வீணாப்போன லீவு எல்லாம் தனி. அது எமர்ஜென்சி ஃபண்டை நிஜமாவே காலி பண்ற செலவு.

இப்போ சமதளத்துல முள் 180 பக்கம் நிக்குதாம். ஏத்தத்துல கூடினா ஓவர்டிரைவை ஆஃப் பண்ணி, வேகத்தைக் குறைச்சு, தேவைப்பட்டா ஓரம் கட்டணும்னு மனைவிக்கும் சொல்லி வெச்சிருக்கார். கேஜ் பக்கத்துல "கியர்பாக்ஸ் சூடு"ன்னு ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு.

பழைய வண்டி வாங்கப் போறவங்க கையெழுத்துக்கு முன்னாடியே, பேர் இல்லாத ஒவ்வொரு கேஜுக்கும் சுவிட்சுக்கும் விற்பவர்கிட்ட விளக்கம் கேளுங்க. பதில் இல்லைன்னா 2 மணி நேர எலக்ட்ரீஷியன் கூலியை விலையில குறைங்க. நம்ம நண்பரோட டேஷ்போர்டுல இன்னும் ஒரு பேர் இல்லாத சுவிட்ச் இருக்கு. அடுத்த சனிக்கிழமை அதோட ஒயரைத் தேடப் போறாராம். தெரியற வரைக்கும் அதை அழுத்த வேண்டாம்னு சொல்லியிருக்கேன்.